ஒரு வருடம் முந்திய மரங்கள்

என் மனைவி இராசமலர் இன்றுவரை பனி விழுந்து பார்த்ததில்லை. ஒக்லாந்துக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இங்கே குளிர்காலம் என்றால் மழையும் ஈரம் ஊறிய சுவரும்தான். ஆனாலும் அலாஸ்காவின் வடக்கே, இதற்கு மேல் மரமே இல்லை என்கிற எல்லையில், எந்த வருடம் கோடை நன்றாக இருந்தது, எந்த வருடம் கோடை எட்டியே பார்க்கவில்லை என்று கேட்டால், சொதிக்கு உப்புப் போட்டபடியே சொல்லுவாள். என் பிறந்தநாள்தான் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை.

நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் அவள் மர வளையங்களை அளக்கிறாள். கோயிலில் யாராவது கேட்டால், மரத்துக்கு வயது பார்க்கிறாள் என்று நான் சொல்லி முடித்துவிடுவேன். அது அவளுக்குப் பிடிக்காது. வயது எண்ணினாலே தெரிந்துவிடும், அதைச் சின்னப் பிள்ளையும் செய்யும், தான் செய்வது அளப்பது என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவாள். நான் பஸ் ஓட்டுகிறவன். பின்னாலிருந்து வரும் பேச்சைக் கேட்காமல் ஓட்டிப் பழகியவன்.

வந்த புதிதில் ஒரு தையல் பட்டறையில் சட்டைக் கொலர்களைச் சரிபார்க்கும் வேலை செய்தாள். ஒரு தையல் தவறியிருந்தாலும் பிடித்துவிடுவாள். பிறகு பட்டறையை மூடினார்கள். அப்போது ஆறு கிழமைக்கு ஒரு வேலை இருக்கிறது, மரக்குச்சிகளுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று வேலை தேடித் தரும் ஓர் அலுவலகத்தில் அனுப்பிவைத்தார்கள். பென்சில் தடிப்பில், உயிரோடு நிற்கும் மரத்திலிருந்து திருகி எடுத்த குச்சிகள். மரத்துக்கு ஒன்றும் ஆகாதாம். ஒவ்வொரு குச்சியையும் ஒரு சட்டத்தில் ஒட்டி, கரடான தாளில் தொடங்கி மெல்லிய தாள்வரை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் வளையங்கள் தெரியும். இவள் தேய்த்ததோடு நிற்கவில்லை. தேய்த்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கே அளந்துகொண்டிருந்தவரிடம் நீங்கள் இரண்டு வளையங்களை விட்டுவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பப் பார்த்தார். விட்டுத்தான் இருந்தார். அந்த ஆறு கிழமை இப்போது பன்னிரண்டு வருடமாகிவிட்டது.

வேலையில் கற்றதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவது அவளுடைய குணம். இந்த நாட்டு மரங்களோடு ஒரு தொல்லை இருக்கிறது. கவுரி மரம் செப்டம்பர் அளவில் வளரத் தொடங்கி, புதுவருடம் பிறந்த பிறகும் வளர்ந்து, மார்ச் அளவில்தான் ஓய்கிறது. ஒரு வளையத்துக்குள் இரண்டு வருடம். அதை எந்த வருடத்தின் பெயரில் எழுதுவது? வளரத் தொடங்கிய வருடத்தின் பெயரில் என்று பூமியின் தெற்குப் பாதியில் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். என் கத்தரித் தொட்டிகளுக்கும் அந்தச் சட்டம் வந்தது. ஐப்பசியில் நட்டு மாசியில் ஆயும் கத்தரிக்கு, நட்ட வருடத்தை எழுதி அட்டை குத்த வேண்டும். ஐஸ்கிரீம் மூடியை வெட்டி, எழுதி, குத்தினேன். வாதாடினால் சாப்பாடு தாமதமாகும் என்று எனக்குத் தெரியும்.

2023 கடைசியில் அந்தப் பெட்டி வந்தது. அலாஸ்காவின் வடக்கு மலைகளில், யாரும் அதுவரை குச்சி எடுத்திராத ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களின் குச்சிகள். கேட்டு வாங்கியது தேவதர்ஷினி. மதுரைப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒன்பது வருடமாக அதே ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிடும்போது தன் கேள்வியை எனக்கும் விளங்கப்படுத்தினாள். அந்த எல்லையில் நிற்கும் மரங்களுக்கு வளர ஒவ்வொரு வருடமும் இரண்டு மாதம்தான் கிடைக்கிறது. அந்தக் கோடை சூடாக இருந்தால் வளையம் தடிப்பாகும், குளிர்ந்தால் நூலாகிவிடும். இப்போது உலகம் சூடாகிறது. அப்படியானால் அந்த மரங்கள் கொழுக்க வேண்டும். சில இடங்களில் கொழுக்கின்றன, சில இடங்களில் இல்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு கறிவேப்பிலை மரங்கள் நிற்கின்றன. ஒன்று தண்ணீர்க் குழாய்க்கு அருகில், மற்றது நல்ல வெயில் படும் வடக்குச் சுவரோடு. குளிர்காலத்தில் இரண்டும் இலை பழுத்து, இருக்கவா போகவா என்று நிற்கும். கோடையில்தான் துளிர்க்கும். கைகழுவப் போன தேவதர்ஷினி அவற்றைக் கண்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணா, நான் அலாஸ்கா போக வேணாம். மர எல்லை உங்க வீட்டுக் கொல்லையிலயே இருக்கு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கறிவேப்பிலையில் ஒரு கொப்பு ஒடித்துக்கொண்டு போனாள்.

இந்தப் பெட்டியில் எங்களுக்கும் ஒரு விஷயம் இருந்தது. மலரின் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் கடிதம் வருமா என்று பார்த்திருப்போம். அலாஸ்கா வேலை சரியாக அமைந்தால் அங்கிருந்து இன்னும் பெட்டிகள் வரும், மூன்று வருடத்துக்கு அந்த நாற்காலி அவளுடையது. அமையாவிட்டால் பெட்டி வேறோர் ஆய்வுகூடத்துக்குப் போய்விடும்.

மூன்று மாதம் அளந்தாள். மரப்பட்டைப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போக வேண்டும். ஒரு மரத்தில் முந்நூறு வளையம். ஒரு விரல் அகலத்துக்குள் நாற்பது வருடம் ஒடுங்கியிருந்ததாம். அதைச் சொன்னபோது அவள் கண்ணைக் கசக்கினாள். பிறகு அடிக்கடி கசக்கினாள். தைப்பொங்கல் கழிந்த கிழமை த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, சில வேளை ஒரு கோடு இரண்டாகத் தெரியலாம் என்றார்கள். காருக்குள் வந்து இருந்ததும், இதைப் பற்றி வேலையிடத்தில் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவளுடைய வேலையிடத்தில் எனக்குத் தெரிந்தது தேவதர்ஷினியும் வாசல் கதவும்தான்.

பெப்ரவரி நடுவில் தேவதர்ஷினி அளவுகளை எல்லாம் எடுத்து, அந்தப் பகுதி வானிலை நிலையத்தின் பழைய பதிவுகளோடு பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. குச்சிகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போயின. கோடைச் சூட்டோடு மட்டும் ஒட்டவேயில்லை. அதே வருடத்துக் கோடையோடு பார்த்தாள், அதற்கு முந்திய கோடையோடும் பார்த்தாள். ஏதோ எண்ணிக்கையில் பிசகியிருக்கலாம், பத்துக் குச்சிகளைத் திரும்ப அளந்து பார்ப்போமா அக்கா என்று மெதுவாகத்தான் கேட்டாள். மலர் அளந்தாள். அதே எண்ணிக்கை வந்தது. சரி, வேறோர் இடத்துக்கு இருபது குச்சி அனுப்பி அவர்களையும் அளக்கச் சொல்வோம் என்றாள் தேவதர்ஷினி.

அன்று மலர் என் பஸ்ஸில்தான் வந்தாள். சாதாரணமாக முன் இருக்கையில் இருந்து, எனக்கு முன்னால் போகும் காரைப் பற்றி எல்லாம் கருத்துச் சொல்லுவாள். அன்று பின்னால் போய் இருந்து, சான்ட்ரிங்ஹாம் கடைத்தெரு தாண்டியும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டில் கதவைச் சாத்தியதும் சொன்னாள்.

"என்ர கண்தானப்பா. ஒரு கோட்டை ரெண்டாப் பாத்து எண்ணியிருக்கிறன். திருப்பி அளந்தாலும் அதே கண்தானே."

அப்படியிருக்காது என்றேன். உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். அதுவும் சரிதான். திங்கட்கிழமை கடிதம் கொடுத்துவிட்டு நின்றுவிடப் போவதாகச் சொன்னாள். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும்வரை இருக்க மாட்டாளாம். கொலர் பார்த்த காலத்திலிருந்து ஒரு பிழையும் தன் கையைத் தாண்டிப் போனதில்லை என்பதுதான் இவளுடைய சொத்து. அது போகிறது என்பதை அவள் அழாமல் சொன்னாள். சனிக்கிழமை சமையலறை மேசையில் இருந்து அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினாள். மகள் மஹதி வெலிங்டனிலிருந்து போனில் திருத்தம் சொன்னாள். பிழையில்லாமல் ராஜினாமா எழுத மூன்று மணித்தியாலம் எடுத்த ஆள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஞாயிறு காலை என் தங்கை சோபனா டொரொன்டோவிலிருந்து போன் எடுத்தாள். அங்கே சனி பின்னேரம். முதல் நாள் நான் அவளுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தேன்: தொட்டியில் ஏழு கத்தரிக்காய் தொங்குகிறது, பக்கத்தில் அட்டை. அவள் ஜன்னலுக்கு வெளியே இரண்டடி பனி கிடக்கிறது, பார்த்து வயிறெரியட்டும் என்றுதான் அனுப்பினேன். அவளோ பழைய படத்தை அனுப்பி ஏமாற்றுகிறேன் என்று தொடங்கினாள். அட்டையில் 2023 என்று போட்டிருக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் தண்ணீர் விட்ட கை இன்னும் காயவில்லை.

"நட்டது போன ஐப்பசி. காய்க்கிறது இப்ப. நட்ட வருசத்தைத்தான் எழுதிறது. அதுதான் முறை."

"என்ன முறை அண்ணை? இஞ்ச வைகாசியில நட்டு ஆவணியில ஆயிறம். நட்டதும் காய்ச்சதும் ஒரே வருசம். உங்கட ஊரிலதான் எல்லாம் தலைகீழ்."

நான் பதிலுக்கு ஏதோ சொல்லத் தொடங்கினேன். மலர் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள், தண்ணீரை நிறுத்தினாள். போன் அருகில் வந்து, கை ஈரத்தோடு, நீ இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லு என்று சோபனாவிடம் கேட்டாள். சோபனா பயந்துபோய்ச் சொன்னாள். மலர் என்னைப் பார்த்தாள்.

"காரை எடுங்கோ."

கத்தரிக்காயைப் பற்றி என் பக்கத்து நியாயம் அப்படியே நின்றுவிட்டது. இன்றுவரை சொல்லி முடிக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் அன்று ஒருவரும் இல்லை. கதவுக்கு அட்டையைக் காட்டி உள்ளே கூட்டிப்போனாள். முதல் தட்டை இழுத்து ஒரு குச்சியை எடுத்து என்னிடம் நீட்டி, சட்டத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள். எடுத்த நாளை அலாஸ்காக்காரர்கள் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 2023 ஜூலை. பிறகு மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கவிட்டாள். தேன் நிறத்தில் அடுக்கடுக்காக வளையங்கள். பட்டையோடு ஒட்டி, பாதி வளர்ந்து நின்றுபோன ஒரு மெல்லிய வளையம்.

இந்தப் பாதி வளையத்தைத்தான் அவள் 2022 என்று எழுதியிருந்தாள். பதினோரு வருடமாக, புதுவருடம் பிறந்தபின் எடுத்த கவுரிக் குச்சிகளில் பட்டையோரம் பாதி வளையம் கண்டால், எடுத்த வருடத்துக்கு முந்திய வருடம் என்று கை தானாகவே எழுதும். இங்கே அது சரி. அங்கே மரம் ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடித்துவிடுகிறது. தொடங்கியதும் முடித்ததும் ஒரே வருடம். அது 2023இன் வளையம். அதில் ஒன்று பிசகியதால் உள்ளே இருந்த முந்நூறும் பிசகிவிட்டன. இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் அவள் ஒரு வருடம் முந்தி நிறுத்தியிருந்தாள்.

எனக்கு அது விளங்க நேரம் எடுத்தது. அவளுக்கும் வாயால் சொன்னால் போதாது, சோதிக்க வேண்டும். தேவதர்ஷினியின் மேசைக்கு மேலே வானிலைப் பட்டியல் தொங்கியது. அதில் மிகக் குளிர்ந்த கோடைகளை வாசியுங்கோ என்றாள். அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தான் எண்ணிய கணக்குப்படி நூல் போன்ற வளையங்கள் எந்த வருடங்களில் விழுந்திருக்கின்றன என்று சொன்னாள். அறுபத்துநாலு என்று நான் வாசித்தேன். அறுபத்துமூன்று என்றாள். எழுபத்தெட்டு என்றேன். எழுபத்தேழு என்றாள். இன்னொரு குச்சி மாற்றினாள், இன்னொன்று. பதினைந்து குச்சி பார்த்தோம். நான் சொன்னதில் ஒன்று குறைத்துத்தான் ஒவ்வொரு மரமும் சொன்னது.

மலர் நிமிர்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"கண் பிழைச்சால் ஒண்டில பிழைக்கும், ஒண்டில சரியா வரும். எல்லாத்திலயும் ஒரே மாதிரிப் பிழைக்காது. அளவு சரியப்பா. வருசந்தான் பிழை."

நான் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷம், மஹதி பிறந்தபோது இருந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

திங்கட்கிழமை அவள் இரண்டு விஷயத்தோடு போனாள். பிழை தன்னுடையது என்பது ஒன்று. அதைச் சொல்லியிருக்கிறாள். தேவதர்ஷினி கணினியில் எல்லா வருடத்தையும் ஒன்று நகர்த்தினாளாம். கோடையும் வளையமும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து படிந்தனவாம். அதே வருடத்தோடு பார்த்தாளே, முந்திய வருடத்தோடும் பார்த்தாளே, பிந்திய வருடத்தோடு ஏன் பார்க்கவில்லை? மரம் அடுத்த வருட வெயிலை முன்கூட்டியே அறிந்து வளருமா என்று யார்தான் சோதிப்பார்கள். தேவதர்ஷினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்திருக்கிறாள். மலர் வருடம் போட்ட பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

"மதுரையில பொறந்தவ நான், கோடை வருஷ நடுவுல வரும்னு தெரியாதா எனக்கு? நாம ரெண்டு பேருமே இந்த ஊர்க்காரங்க ஆயிட்டோம் அக்கா."

இரண்டாவது விஷயத்தையும் மலர் மறைக்கவில்லை. இடது கண்ணைப் பற்றிச் சொன்னாள். கடிதத்தையும் மேசையில் வைத்தாள். அளவு சரியாக வந்தபிறகு அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று நான் பிறகு கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை. தேவதர்ஷினி கடிதத்தை முழுவதும் வாசித்துவிட்டு, இங்கிலீஷ் நல்லா இருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாளாம்.

"இந்தக் கண்ணுதான் அக்கா இருநூறு மரத்தையும் ஒரு வளையம் விடாம பார்த்திருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. நாற்காலி எங்கயும் போகாது."

பிறகு அந்த வருடம் நல்லபடியாகவே போனது. அந்தப் பள்ளத்தாக்கில் ஓடைக்கரையில் நின்ற மரங்கள் கோடை சூடாகச் சூடாகக் கொழுத்திருந்தன. மேலே காய்ந்த சரிவில் நின்றவை, கடைசி இருபது வருடமாக, சூடு ஏற ஏற மெலிந்திருந்தன. குளிர்தான் எதிரி என்றிருந்த மரங்களுக்குத் தாகம் எதிரியாகிவிட்டது என்று தேவதர்ஷினி எழுதினாள். கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் இராசமலர் செல்வரத்தினம் என்று இருக்கிறது. அந்தப் பக்கம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. செல்வரத்தினம் நான்தான், என் பெயரும் அறிவியலில் ஏறிவிட்டது என்று வருகிறவர்களுக்குக் காட்டுவேன். மார்ச்சில் மூன்று வருடக் கடிதம் வந்தது. ஆகஸ்டில் கண் ஆபரேஷன் முடிந்தது. அக்டோபரில் அடுத்த பெட்டி.

இந்த பெப்ரவரியில் வடக்குச் சுவர்க் கறிவேப்பிலையில் ஒரு தடித்த கொப்பு குறுக்கே நீண்டு நின்றதால் வெட்டினேன். குப்பையில் போடப் போனவனை மறித்து வாங்கிக்கொண்டாள். பின் வாசலில் இருந்து, கரடான தாள், நடுத்தரத் தாள், மெல்லிய தாள் என்று மத்தியானம் முழுவதும் தேய்த்தாள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு சமையலறை மேசைக்குக் கூப்பிட்டாள். எட்டு வளையம். ஊரில் நின்றிருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது, இங்கத்தைய குளிரில் ஒவ்வொரு வருடமும் நின்று நின்று வளர்ந்ததால்தான் இப்படி என்றாள். உள்ளேயிருந்து மூன்றாவது நூலாகக் கிடந்தது. மழையே இல்லாமல் புல்லெல்லாம் காய்ந்துபோன கோடை அது. குழாயடி மரத்தை வெட்டினால் அந்த வளையம் இவ்வளவு மெலிந்திருக்காது என்றாள். அதை வெட்டவிட மாட்டேன் என்றேன்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால் மட்டும் இன்னொரு முறை எண்ணினாள். எட்டுத்தான். பட்டையோரம் பாதி வளர்ந்த வளையத்தின் மேல் பென்சில் முனையை வைத்து, என்ன வருடம் எழுத என்று என்னைக் கேட்டாள். பரீட்சை என்று தெரிந்தது. பெப்ரவரியில் வெட்டியது, ஆகவே 2025 என்றேன்.

"அலாஸ்கா மரத்துக்குத்தான் அப்பிடி," என்றாள். "இது எங்கட மரம்."

2024 என்று எழுதிவிட்டு, கொப்பை ஜன்னலோரத்தில் வைத்தாள்.